‘புத்தூர்’ என்பதில் எத்தனை எழுத்துகள்?

திருச்சியில் உறையூரை அடுத்திருப்பது புத்தூர். அரசு மருத்துவமனை இருக்கும் பகுதி என்றால் எவரும் வழி காட்டுவர். இவ்வூரின் பெயரில் எத்தனை எழுத்துகள்? தொடக்கப் பள்ளி மாணவனைக் கேளுங்கள். விரல் விட்டு எண்ணி, “பு, த், தூ, ர், நான்கு” என்பான். இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டால் 8 என்று விடை வரும். சற்றே மாற்றிக் கேட்டால் 24 என்றும் சொல்லும். மூன்று விடைகளும் சரியே என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிரையும் நிரலும்

பள்ளியில் அணிக்கோவை படித்தபோது நிரை, நிரல் என்னும் சொற்களைக் கற்றிருப்பீர்கள். கணிப்பொறியில் தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் முறையும் அதைப் போன்றதே. ஒரு மாணவருக்கு ஒரு நிரை. பெயர், ஊர், மதிப்பெண் ஆகியவை நிரல்கள். இம்முறைக்கு அடிப்படை அமைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். அவருடைய ஆய்வுரை 1970ஆம் ஆண்டு வெளிவந்தது. அட்டவணையிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974இல் வெளியிட்டனர். அதுவே இன்றைய எஸ்.கியூ.எல். மொழி. 1986இல் அது அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது.

இம்மொழியில் உள்ளமைந்த சார்புகள் பல உண்டு. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். அஞ்சலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் ஒருவர் ஒவ்வோர் உறையாக எடுத்து முத்திரை குத்துகிறார். நூறு உறை வந்தால் நூறு முத்திரை. இன்னொருவர் பையில் மொத்தம் எத்தனை உறைகள் என்று எண்ணி ஒரே ஓர் எண்ணை எழுதுகிறார். முதல்வர் செய்வது ஒரு நிரைச் சார்பின் வேலை. இரண்டாமவர் செய்வது தொகுப்புச் சார்பின் வேலை. ஒரு நிரைச் சார்பு, நிரைக்கு ஒரு விடை தரும். சேமித்த தகவலை அது மாற்றுவதில்லை. விடையில் தோன்றும் உருவத்தை மட்டுமே மாற்றுகிறது.

அஞ்சல் குறியீட்டு எண்

இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. புத்தூருக்கு 620017, ஸ்ரீரங்கத்துக்கு 620006. முதல் மூன்று இலக்கங்கள் திருச்சியைக் குறிக்கின்றன. மாணவர் அட்டவணையில் அந்த மூன்றை மட்டும் பிரித்தெடுக்க இவ்வாறு கேட்கலாம்:

செலக்ட் பெயர், சப்ஸ்டர்(அஞ்சல்எண், 1, 3) ஃப்ரம் மாணவர்

(கட்டளைச் சொற்களைக் கணிப்பொறியில் ஆங்கில எழுத்தில் இடவேண்டும், இங்கு ஒலிப்பைத் தந்துள்ளேன்.) முதல் இடத்திலிருந்து மூன்று குறிகளை எடு என்பதே இதன் பொருள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 620 போன்ற ஓர் எண் வந்து நிற்கும்.

ஓர் இடைவெளி செய்யும் கொடுமை

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோர் பட்டியலையும் தேர்ச்சி பெற்றோர் பட்டியலையும் பெயரைக் கொண்டு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் பெயருக்கு முன்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு. தகுதியுள்ள மாணவி பட்டியலில் விடுபட்டுப் போவாள். யாரும் அவளை நீக்கவில்லை, வெற்றிடம் நீக்கியது! டிரிம் என்ற சார்பு ஓர இடைவெளிகளைக் களையும். அப்பர் என்ற சார்பு ஆங்கில எழுத்துகளை எல்லாம் பெரிய எழுத்தாக்கும். ஒன்றனுள் ஒன்றாக, அப்பர்(டிரிம்(பெயர்)) என்றும் எழுதலாம். உள்ளே இருப்பது முதலில் வேலை செய்யும். இரு பட்டியலிலும் இதைச் செய்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

எண்களிலும் கவனம் தேவை. தேர்ச்சிக்கு 35 வேண்டும், சராசரி 34.5 என்றால், ரவுண்ட் சார்பு 35 என்று முழுமையாக்கும். டிரங்க் சார்பு பின்னத்தை வெட்டி 34 என்று தரும். மாணவனின் தேர்ச்சியும் தோல்வியும் இங்கே ஒரு சொல்லில் தொங்குகின்றன.

நிரப்பாத கட்டம்

தந்தை பெயர் என்ற கட்டம் காலியாக உள்ள குழந்தைகள் உண்டு. எஸ்.கியூ.எல். தரநிலைப்படி காலி மதிப்பு வெற்றுச் சொல் அன்று. ‘தெரியாதது’ என்று பொருள். தெரிந்ததோடு தெரியாததைச் சேர்த்தால் விடையும் தெரியாததே. ஆகவே குழந்தையின் பெயர், தந்தை பெயர், தெரு ஆகியவற்றை ஒட்டி முகவரி அச்சிட்டால், அக்குழந்தைக்கு முழு முகவரியுமே காலியாகிவிடும். (ஆரக்கிள் இதற்கு விலக்கு, அது காலியைத் தாண்டி மற்றவற்றை ஒட்டிவிடும்.) கோயலெஸ் என்ற சார்பு இதற்கு மருந்து. கோயலெஸ்(தந்தை, தாய், ‘’) என்று எழுதினால், காலியாக இல்லாத முதல் மதிப்பை எடுத்துக்கொள்ளும்.

பீட்டரும் புத்தூரும்

புத்தூரை ஆங்கிலத்தில் சிலர் இரண்டு ‘டி’ இட்டும், சிலர் ‘டி, எச்’ இட்டும், சிலர் இரண்டு ‘ஓ’ சேர்த்தும் எழுதுவர். இவற்றை ஒன்றுசேர்க்க சவுண்டெக்ஸ் என்ற சார்பு உதவுகிறது. ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளையும் ‘எச்’ போன்றவற்றையும் விட்டுவிட்டு, மற்ற மெய்களுக்கு ஓர் எண் தருகிறது. ‘டி’க்கு 3, ‘ஆர்’க்கு 6. அடுத்தடுத்து வரும் ஒரே எண் ஒருமுறைதான். குறைந்தால் சுழி சேர்க்கப்படும். எனவே எல்லாப் புத்தூரும் ‘பி 360’ ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால் பீட்டர் என்ற பெயரும் ‘பி 360’தான்! ஆங்கில ஒலிக்காகச் செய்த சல்லடை இது. ஐயத்துக்குரியவற்றைச் சலித்தெடுக்கப் பயன்படுத்தலாம். தீர்ப்புச் சொல்ல அன்று.

பெயர் சரியாகவே அமைந்தாலும் சிக்கல் தீராது. ஆந்திரத்தில் ஒரு புத்தூர், கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் ஒரு புத்தூர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு புத்தூர் இருக்கின்றன. அஞ்சல் எண்ணையும் சேர்த்தே ஊரை அறிய வேண்டும்.

நான்கா, எட்டா, இருபத்து நான்கா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். யூனிகோடு முறையில் ‘பு’ என்பதற்குத் தனிக் குறியீடு இல்லை. ‘ப’ ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகவே அது சேமிக்கப்படுகிறது. ‘த்’ என்பதும் அவ்வாறே: ‘த’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘தூ’ இரண்டு, ‘ர்’ இரண்டு. ஆக மொத்தம் 8. லெங்த் என்ற சார்பு தரும் விடை இதுதான். யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. எட்டு மூன்று 24. ஆரக்கிளில் லெங்த்-பி என்ற சார்பு பைட்டுகளை எண்ணி இந்த விடையைத் தரும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஊர்ப் பெயருக்கு 20 பைட்டு போதும் என்று ஒருவர் அட்டவணை வகுத்துவிட்டார் என்க. ஆங்கிலத்தில் திருச்சிராப்பள்ளி 15 எழுத்துகளே, தாராளமாக அடங்கும். தமிழில் நான்கெழுத்துப் புத்தூர் அடங்காது! தமிழில் பெயர் எழுதியவரின் விண்ணப்பம் மட்டும் பிழை என்று திரும்பும். குற்றம் தமிழின் மேல் அன்று, அளவெடுத்தவர் மேல்.

மாணவன் சொன்ன 4ஐக் கணிப்பொறியிடமிருந்து பெறவும் வழி உண்டு. டிரான்ஸ்லேட் என்ற சார்பினால் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை லெங்த் கொண்டு எண்ணினால் ப, த, த, ர என நான்கு வரும்.

கணிப்பொறி பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு விடை சொல்கிறது. எதை எண்ணச் சொல்கிறோம், எதை விட்டுவிடச் சொல்கிறோம் என்று தெரிந்து கேட்பது நம் கடமை. அட்டவணையின் ஒவ்வொரு நிரைக்குப் பின்னும் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை மறவாதிருந்தால் போதும். உங்கள் ஊர்ப் பெயர் எத்தனை பைட்டு? தாளும் எழுதுகோலும் எடுத்து இப்போதே கணக்கிட்டுப் பாருங்கள்.