பழைய பெரிய கார் வாங்கலாமா?

டில்லியில் வசிக்கும் நம்மவர் வீடுகளில் கார் பேச்சு பெரும்பாலும் பள்ளி விடுமுறைக் காலத்தில்தான் எழும். ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவர வேண்டும். வத்தல், வடாம், அரிசி, ஊறுகாய் ஜாடி என்று அவர்களோடு ஏழெட்டு உருப்படியாவது இறங்கும். சின்னக் காரில் ஆட்கள் ஏறினால் பெட்டி ஏறாது. பெட்டியை ஏற்றினால் ஆட்களுக்கு இடமிருக்காது. அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "புதுச் சின்னக் காருக்குக் கொடுக்கிற பணத்தில் பழைய பெரிய காரே கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?"

கேட்பது நியாயமான கேள்வி. வாங்கிச் சந்தோஷமாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்களும் இருக்கிறார்கள். இருவர் வாங்கியதும் ஒரே மாடலாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

ஏன் மலிவு?

பெரிய கார் என்று இங்கே சொல்வது, பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான் வகையை. மாருதி சியாஸ், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, டொயோட்டா கரோலா ஆல்டிஸ் ஆகியவை நம் தெருக்களில் அதிகம் காணப்படுபவை. சியாஸின் நீளம் 4,490 மில்லிமீட்டர். 2014-இல் வந்த சிட்டிக்கும் சியாஸுக்கும் டிக்கி 510 லிட்டர். ஊரிலிருந்து வரும் மூட்டைகள் அத்தனையும் அதில் அடங்கும். பின்சீட்டில் மூன்று பேர் முட்டி இடிக்காமல் உட்காரலாம்.

இவ்வளவு வசதியுள்ள வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதன் குறை அல்ல. ஊரின் ருசி மாறிவிட்டதுதான். இன்று வாங்குபவர்கள் உயரமாக நிற்கும் வண்டிகளையே தேடுகிறார்கள். கரோலா ஆல்டிஸ் 2020-இலும் சியாஸ் 2025-இலும் இந்தியாவில் நிறுத்தப்பட்டன. கம்பெனி நிறுத்திய மாடல் என்றாலே பழைய கார் சந்தையில் விலை இறங்கிவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. விலை இறங்கியது காருக்குத்தான். அதன் டயருக்கோ, கிளட்சுக்கோ, ஹெட்லைட்டுக்கோ விலை இறங்கவில்லை. சின்னக் காரின் விலைக்கு வாங்கினாலும் பராமரிப்பது பெரிய காரைத்தான். 15 அல்லது 16 அங்குலச் சக்கரத்துக்கு நான்கு டயர் மாற்றும்போது இது நன்றாகப் புரியும். பெட்ரோலும் அப்படியே. சியாஸ் பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்று அறிவிக்கப்பட்டது. டில்லி நெரிசலில் ஓட்டுகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகவே கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட வேண்டாம். 5 லட்சம் இருந்தால் 4 லட்ச ரூபாய்க் காரைப் பாருங்கள். மீதியுள்ள ஒரு லட்சம் டயர், பாட்டரி, ஷாக் அப்சார்பர், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் என்று முதல் வருடத்துக்கு வேண்டியிருக்கும்.

நின்றுவிடாமல் ஓடுமா?

"இந்த மாடல் எப்படி, உழைக்குமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இரண்டு உண்டு: இதன் பாகங்கள் வேறு எந்தெந்த வண்டியில் இருக்கின்றன? பழுதானால் எத்தனை மெக்கானிக்குகளுக்கு இது தெரியும்?

சியாஸை எடுத்துக்கொள்வோம். 2018-க்குப் பின் அதில் வந்த ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எர்டிகாவிலும் பிரெஸ்ஸாவிலும் இருந்ததுதான். அதன் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையரில் லட்சக்கணக்கில் ஓடியது. எனவே சியாஸ் நின்றுபோனாலும் எஞ்சின் சாமான் கிடைக்காமல் போகாது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனாலும் கைவைக்கத் தெரிந்த ஆள் இருப்பார். ஆனால் அதன் ஹெட்லைட், பம்பர், முன் கண்ணாடி வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது. வருடம் போகப்போக இவற்றைத்தான் தேடி அலைய வேண்டும். காஷ்மீரி கேட் கடைகளில் முதலில் இவற்றின் விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு காரை விலை பேசுவது நல்லது.

சாதாரண பெட்ரோல் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் உள்ள வண்டியில் கெட்டுப்போகக் கூடியவை குறைவு. எண்ணெயும் கூலன்ட்டும் காலத்தில் மாற்றிய வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். ஆட்டோமாட்டிக் கியர் நெரிசலில் சுகம்தான். ஆனால் அதற்குரிய எண்ணெயை முந்தைய சொந்தக்காரர் மாற்றினாரா என்பதற்கு பில் வேண்டும். கியர்பெட்டி கெட்டால் வரும் செலவு காரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

செடான் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை உயரக் குறைவு. ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிறைந்தால் காலனி ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு தட்டும். வாங்குமுன் வண்டியைத் தூக்கிவைத்து, கீழே எண்ணெய்த் தொட்டி நசுங்கியிருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டும் தாழ்வாக இருப்பதால் முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு ஏறி இறங்கச் சிரமம். வீட்டில் யாருக்காக வாங்குகிறோமோ அவர்களையே ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள்.

டில்லிக்கே உரிய கண்ணி

டில்லியில் எட்டு, ஒன்பது வருட டீசல் கார் மிக மலிவாகக் கிடைக்கும். காரணம் உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் இட்ட உத்தரவையும் உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியதையும் ஒட்டி, தலைநகர் வட்டாரத்தில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல், 15 வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று ஆனது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. அதே வருடம் டிசம்பரில், இந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் விஷயத்தை நம்பி, கெடு நெருங்கிய வண்டியில் சேமிப்பைப் போடலாகாது.

இன்னொன்றும் உண்டு. காற்று மாசு கடுமையாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வரும்போது பி.எஸ்.-3 பெட்ரோல், பி.எஸ்.-4 டீசல் கார்களை டில்லி, குர்காவ், பரீதாபாத், காஜியாபாத், நொய்டா பகுதிகளில் ஓட்ட முடியாது. 2020 ஏப்ரலுக்கு முன் விற்ற டீசல் செடான்களில் பெரும்பாலானவை பி.எஸ்.-4 ரகமே. குளிர்காலத்தில், குழந்தைக்கு ஜுரம் என்று அவசரமாகக் கிளம்பும் இரவில், கார் வாசலில் நின்றும் எடுக்க முடியாத நிலை வரலாம். டில்லிக்குள் ஓட்டுவதற்கு வாங்குகிறவர்கள் பெட்ரோலோடு நிற்பதே உத்தமம்.

சி.என்.ஜி. பொருத்திய வண்டியானால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனைச் சான்றும் வேண்டும். சிலிண்டர் டிக்கியில் பாதியை அடைத்துக்கொள்ளும். எந்த டிக்கிக்காகப் பெரிய கார் தேடினோமோ அதுவே போய்விடும்!

பார்க்கப் போகும்போது

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் நோய் தெரியும். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கிளட்ச், பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 40,000 என்று காட்டினால் இரண்டில் ஒன்று பொய். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பராமரித்த வண்டியானால் ஒவ்வொரு வருகையிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை எடுத்துக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டை நன்றாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகியிருந்தால் நெடுஞ்சாலைக்கு ஆகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பாருங்கள். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். சென்னையும் 2015-இலும் 2023-இலும் டிசம்பர் வெள்ளத்தைக் கண்டது; அங்கே வாங்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கார்ப்பெட்டைத் தூக்கினால் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு, ஏ.சி. போட்டால் ஈர வாடை இருக்குமானால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக, விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்தக் கூலி வீண்போகாது.

பெயர் மாற்றமும் ஊர் மாற்றமும்

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டால் காரியம் முடியவில்லை. ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறினால்தான் முடிந்தது. பழைய கடன் இருந்திருந்தால் பாங்கின் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முந்தையவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது.

விற்கிறவர்களுக்கும் இது முக்கியம். மாற்றலாகிக் கிளம்பும் அவசரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறவர்கள் நம்மில் உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவர் இடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் கோயம்புத்தூரில் இருக்கும் நீங்களாக ஆகிவிடலாம்.

ரிடயர் ஆனதும் காரை ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், இங்கே என்.ஓ.சி. வாங்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவு எண் பெற வேண்டும். சாலை வரியும் அங்கே கட்ட வேண்டும். மத்திய அரசு ஊழியர்களும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் 2021-இல் தொடங்கிய பி.எச். வரிசைப் பதிவைப் பற்றி விசாரிக்கலாம். மாற்றல் உள்ளவர்களுக்கு அது பெரிய அலைச்சலைக் குறைக்கும்.

யாருக்கு ஏற்றது?

ஐந்து பேர் குடும்பம், வருடத்துக்கு இரண்டு நெடும் பயணம், காரை நிறுத்தச் சொந்த இடம், முதல் வருடச் செலவுக்குத் தனியாகப் பணம் — இவை இருந்தால் நான்கைந்து வயதான, ஒரே கை மாறிய பெட்ரோல் செடான் நல்ல தேர்வு. தினம் ஆபீசுக்கு ஒருவர் மட்டும் போய்வர வேண்டும், நிறுத்தத் தெருதான் கதி என்பவர்களுக்குச் சின்னக் காரே நிம்மதி. ஊரிலிருந்து பெற்றோர் வரும் அந்த இரண்டு நாளுக்கு வாடகைக் காரை எடுத்துக்கொண்டால் போயிற்று.