நடுவயதில் உடற்பருமன்: இளைத்தலும் கரைத்தலும்

நெடுநாள் பிரிந்திருந்த உறவினர் இருவர் ஒரு திருமண வீட்டில் சந்திக்கின்றனர். "என்ன அண்ணே, இப்படி இளைத்துப் போய்விட்டீர்களே!" என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் இரக்கமும் இருக்கும், உடம்புக்கு என்னவோ என்ற அச்சமும் இருக்கும். "கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள், பார்க்க நன்றாயிருக்கிறது" என்றாலோ, அது வாழ்த்து. தமிழில் இளைத்தல் என்னும் சொல் மெலிதலை மட்டும் குறிப்பதன்று. களைத்தல், வலிமை குன்றுதல், பின்னடைதல் ஆகியனவும் அதன் பொருள்களே. இளைத்தவன் என்றால் எளியவன் என்பது வழக்கு. மெலிவு, வாட்டம் முதலிய சொற்களும் துன்பத்தையே சுட்டுகின்றன. பஞ்சங்கள் பல கண்ட மக்களின் மொழியில் உடல் சுருங்குவதற்கு நல்ல சொல் அமையாதது வியப்பன்று.

ஆயினும், அதே மொழியில் ஊளைச்சதை என்றொரு சொல்லும் வழங்குகிறது. உழைப்புக்கு உதவாது தொங்கும் சதையை அது குறிக்கும். உறுதியான தசை வேறு, ஊளைச்சதை வேறு என்பதை நம் முன்னோர் கண்ணாலேயே கண்டு பெயரிட்டிருந்தனர். நடுவயதில் உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் முதற்கண் தெளிய வேண்டியது இப்பகுப்பையே. குறைய வேண்டுவது ஊளைச்சதை, குறையலாகாதது தசை. இதனை மறந்து, எடைக்கருவி காட்டும் எண்ணை மட்டுமே நோக்கிப் பட்டினி கிடப்போர் இரண்டையும் ஒருங்கே இழந்து மெய்யாகவே இளைத்துப் போகின்றனர்.

பழி வயதின்மேல் அன்று

"நாற்பதைக் கடந்தால் உடம்பு எரிப்பது குறைந்துவிடும், காற்றைக் குடித்தாலும் பருக்கும்" என்பது பலரும் சொல்லும் சமாதானம். இஃது எவ்வளவு உண்மை என்பதை 2021ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று ஆராய்ந்தது. ஹெர்மன் பாண்ட்சர் என்பவரும் அவருடன் பணியாற்றிய பல நாட்டு அறிஞரும், பிறந்து 8 நாளே ஆன குழந்தை முதல் 95 வயது முதியோர் வரை, 6,400க்கும் மேற்பட்டோர் உடல் நாளொன்றுக்குச் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட்டனர். உடலின் பருமனுக்கும் கொழுப்பு நீங்கிய கட்டுக்கும் ஏற்ப ஒப்பிட்டபோது, 20 வயது முதல் 60 வயது வரை அச்செலவு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதைக் கண்டனர். அது குறையத் தொடங்குவது 60க்குப் பின்னரே.

அங்ஙனமாயின், நாற்பதில் தொந்தி தோன்றுவது ஏன்? காரணங்கள் சில. முதலாவது, உடலுழைப்புக் குறைகிறது. இரண்டாவது, பயன்படாத தசை தேய்கிறது. முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறையக்கூடும் என்பர். தசை குறைந்த உடல் ஓய்விலும் குறைவாகவே ஆற்றலைச் செலவிடும். மூன்றாவது, உணவின் அளவு மட்டும் பழைய நிலையிலேயே நிற்கிறது. பெண்டிர்க்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரஜன் என்னும் சுரப்புநீர் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேரத் தொடங்குகிறது.

பெரட்டுக்களத்திலிருந்து நாற்காலிக்கு

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தலைமுறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் 500 மரங்களுக்குக் குறையாமல் சீவி, பின்னர்ப் பாலெடுத்து வாளிகளைத் தோளில் சுமந்துவந்து நிறுத்துக் கொடுத்த உடல் அது. அவ்வுடலுக்கு மலைபோல் குவித்த சோறும் சீனி மிகுந்த தேநீரும் தேவையாயிருந்தன. உண்டது அனைத்தும் மறுநாள் நிரையிலேயே கரைந்தது.

அவர்களுடைய பிள்ளைகள் ஆசிரியராயினர், எழுத்தராயினர், வாகனமோட்டிகளாயினர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரப்புற அடுக்குமாடிகளில் குடியேறினர். இது முன்னேற்றமே, ஐயமில்லை. ஆனால் தாயின் கை பரிமாறிப் பழகிய அளவும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்" என்னும் உபசரிப்பும் அவ்வாறே உடன்வந்தன. உழைப்பு மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

தொழில் உடலை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு லண்டன் நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளே சான்று. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் அப்பேருந்துகளில் பணிபுரிவோரை ஆராய்ந்து 1953இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்து வண்டியோட்டியவர்களைவிட, படியேறியும் இறங்கியும் பயணச்சீட்டு விற்ற நடத்துநர்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது. 1956இல் அவரும் அவர் குழுவினரும் இவ்விரு சாராருக்கும் தைக்கப்பட்ட சீருடைகளின் அளவையும் ஒப்பிட்டனர். ஓட்டுநர்களின் காற்சட்டையிடுப்பு, ஒத்த வயதுடைய நடத்துநர்களின் இடுப்பைவிட அகன்றிருந்தது. நகரம் ஒன்று, நிறுவனம் ஒன்று, வண்டியும் ஒன்று. ஒருவருக்கு இருக்கை, மற்றவருக்குப் படிக்கட்டு.

எதனை அளப்பது?

எடையைக் கிலோகிராமில் கொண்டு, உயரத்தை மீட்டரில் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணை உடல் நிறைக் குறியீடு என்பர். கெட்டலே என்னும் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை இது. எடுத்துக்காட்டாக, 1.65 மீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உடையவரின் குறியீடு ஏறத்தாழ 27.5 ஆகும். பொதுவாக 25க்கு மேல் மிகை எடை என்பது உலக வழக்கு. ஆனால் ஆசிய மக்களுக்கு 23 முதலே எச்சரிக்கை வேண்டும், 27.5இல் இடர் மிகுதி என்று 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அறிவித்தது.

இவ்வேறுபாடு ஏன் என்பதை அதே ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு நிழற்படம் நன்கு விளக்கியது. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நின்றனர். இருவர்க்கும் உடல் நிறைக் குறியீடு 22.3 தான். ஆயின், யுட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடலிலோ 21.2 பங்கு. ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலிலும் கொழுப்பு மறைந்திருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆகவே, எடைக்கருவியினும் தையற்காரர் அளவுநாடா நம்பத்தக்கது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் சுற்றளவைக் காணவேண்டும். தெற்காசிய வழியினருள் ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டினால், தோலுக்கு அடியில் மட்டுமன்றி, குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்புப் படிந்திருக்கக்கூடும். அக்கொழுப்பே இன்சுலினின் வேலையைத் தடுத்து, நம்மவர் இனிப்புநீர் என வழங்கும் நீரிழிவுக்கு வழிவகுக்கிறது.

இஃது அழகு பற்றிய கவலையன்று. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், வயதுவந்தோர் அனைவருள்ளும் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியருள் மட்டும் அது 31.4. கால் இழந்தோரும், கண்ணொளி மங்கியோரும், வாரம் மும்முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்வோரும் இல்லாத உறவுவட்டம் நம்மிடையே அரிது.

தட்டும் குவளையும்

அரைமணி நேரம் விரைந்து நடந்தால், 70 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ 120 கலோரி ஆற்றலைச் செலவிடுவார். தேக்கரண்டி ஒன்றில் கொள்ளும் சீனி சுமார் 4 கிராம். அதில் 16 கலோரி. ஒரு நாளைக்கு நான்கு குவளைத் தேநீர், குவளைக்கு இரண்டு கரண்டிச் சீனி எனக் கொண்டால், மொத்தம் 128 கலோரி ஆகிறது. காலை நடையின் பயன் முழுவதும் மாலைக்குள் குவளையிலேயே கரைந்துவிடுகிறது. ஒட்டுக்கடைத் தே தாரேக்கில் இனிப்பூட்டிய கெட்டிப்பால் சேர்வதால் கணக்கு இன்னும் ஏறும். நடந்தும் எடை குறையவில்லையே என்று வருந்துவோர் முதலில் எண்ண வேண்டியது இதனையே.

சோற்றை அறவே விடுதல் வேண்டா. நீடிக்காத விரதத்தால் பயனில்லை. மலேசிய சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'கால், கால், அரை' என்னும் முறை எளிது. தட்டில் கால்பங்கு சோறு, மீ அல்லது ரொட்டி. கால்பங்கு மீன், கோழி, பருப்பு, கடலை போன்றவை. மீதிப் பாதி கறிகாயும் பழமும். நம் வீடுகளில் பாதித் தட்டைச் சோறு நிறைக்க, காய்கறி ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் பொருளாக நிற்கிறது. இவ்விரண்டும் இடம் மாறினாலே பெரும்பயன் விளையும்.

வேறொன்றும் சொல்லத்தக்கது. பிள்ளைகள் மீதம் வைத்ததை வீணாக்க மனமின்றித் தாய்மார் உண்டு முடிப்பது வழக்கம். சிக்கனம் நற்குணமே. ஆனால் மிஞ்சிய சோற்றுக்கு வயிறு குப்பைத்தொட்டியன்று; குறைவாகச் சமைப்பதே மெய்யான சிக்கனம். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதன் பத்துக் குறள்களுள் ஆறு, மருந்தைப் பேசாமல், உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகின்றன என்பதைத் தமிழாசிரியர் அறிவர். வகுப்பில் கற்பிப்பதை ஆசிரியர் அறையிலும் நினைவுகொள்ளுதல் தகும்.

தசையைக் காத்தல்

உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசையைக் காப்பன இரண்டு: போதிய புரதமும், தசைக்கு வேலையும். வாரம் 150 நிமிடமேனும் நடை போன்ற உழைப்பும், வாரத்தில் இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், மாடிப்படி ஏறுதல் ஆகியவை போதும். மாணவர்க்குத் தண்டனையாக ஆசிரியர் அளித்துவந்த தோப்புக்கரணம், தொடைத் தசைக்கு மிக நல்ல பயிற்சி. முழங்கால் நோவு இல்லாத ஆசிரியர் இனி அதனைத் தமக்கே விதித்துக்கொள்ளலாம்.

எண் அசையாவிடினும்

அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைத்தல், வாரம் 150 நிமிடம் உழைத்தல் ஆகிய இரண்டையும் குறிக்கோளாகக் கொண்டோரிடையே, புதிதாக நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவர்க்கு 7 பங்கு என்பது ஐந்தரைக் கிலோவே.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் அணுக்கமானது. சராசரி வயது 46 உடைய 531 பேர் அதில் பங்குகொண்டனர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தவர்களிடையே, மூன்றாண்டில் நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்ததாக 2006இல் அறிவித்தனர். இதிற் குறிப்பிடத்தக்கது யாதெனின், அவர்களுடைய சராசரி எடை குறையவே இல்லை. எடைக்கருவி அசையாதபோதும் உடலினுள் நன்மை நிகழ்ந்தது. இரண்டு மாதம் நடந்தும் எண் மாறவில்லை எனச் சோர்ந்து கைவிடுவோர் இச்சென்னை மக்களை நினைவிற்கொள்க.

விரைந்து குறைப்பதில் இடரும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் சில மாதங்களில் பெரும் எடையை இழந்த 14 பேரை ஆறாண்டுக்குப் பின் ஆராய்ந்து, 2016இல் முடிவு வெளியிட்டனர். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ எதிர்பார்த்த அளவினும் நாளுக்கு 500 கலோரி குறைந்தே நின்றது. அண்மைக் காலத்தில் பரவியுள்ள செமாக்ளூடைட் போன்ற ஊசிமருந்துகள் பசியை அடக்கி எடையை நன்கு குறைக்கின்றன. மிகு பருமனால் துன்புறுவோர்க்கு மருத்துவர் மேற்பார்வையில் அவை உதவும். ஆனால் மருந்தை நிறுத்தியதும் எடை பெரும்பாலும் திரும்புகிறது. ஆதலின், பழக்கத்தை மாற்றும் வேலை மருந்துண்போர்க்கும் எஞ்சியே நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர், மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மற்றொன்று: முயற்சி ஏதுமின்றி எடை தானே குறையுமாயின் மகிழ்தல் கூடாது. மிகுதாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் உடனிருப்பின் அது நீரிழிவின் அறிகுறியாகலாம். பிற கொடிய நோய்களும் அவ்வாறே உடலை உருக்கும். திருமண வீட்டில் "இளைத்துப் போய்விட்டீர்களே" என்று கேட்கும் உறவினரின் அச்சத்தில் பொருள் இல்லாமற் போகவில்லை.

அவர் மீண்டும் அவ்வாறு கேட்பாராயின், மூன்று மாதத்துக்கு முன் இடுப்பில் எத்தனை சென்டிமீட்டர் இருந்தது, இன்று எத்தனை என்று அளவைச் சொல்லும் நிலையில் இருப்பது நன்று. "இளைக்கவில்லை தம்பி, ஊளைச்சதை கரைந்தது" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை வரும் பாயசத்துக்குக் கையை மறித்துக் காட்டலாம். உபசரிப்பவர் முதலில் வருந்துவார். பழகியபின் அவரும் தம் இடுப்பை அளந்து பார்ப்பார்.