நாளுக்கு ஐந்து வெள்ளி: வயிறு கற்றுத்தரும் கணக்கு

ஐந்து வெள்ளியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் சாப்பிட முடியுமா? புக்கிட் பாஞ்சாங் ரிங் சாலையில் 2015ல் திறக்கப்பட்ட உணவங்காடி நிலையத்தில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். சிக்கனச் சாப்பாடு ஒன்று மூன்றரை வெள்ளி, காப்பி ஒரு வெள்ளி இருபது காசு என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாட்டோடு கையில் மிஞ்சுவது முப்பது காசுதான். காலைப் பசியாறலும் இரவுச் சாப்பாடும் இன்னும் பாக்கி.

இப்படி ஒரு கட்டுப்பாட்டைச் சில நாள் தாமே விதித்துக்கொண்டு, அதைக் காரணமாகக் காட்டி ஏழைகளுக்கு நிதி திரட்டும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அவற்றுள் பேர்பெற்றது 2010ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘லிவ் பிலோ த லைன்’ இயக்கம். வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்ந்து பார் என்பது அதன் பொருள். பங்கேற்றவர் ஐந்து நாள்களுக்கு, நாளொன்றுக்கு 2 ஆஸ்திரேலிய டாலரில் சாப்பிட வேண்டியிருந்தது. பிரிட்டனில் அது 1 பவுண்டு. அமெரிக்காவில் ஒன்றரை டாலர். 2013ல் ஹாலிவுட் நடிகர் பென் அஃப்லெக்கும் இதில் சேர்ந்துகொண்டார். நண்பர்களும் உறவினர்களும் பங்கேற்றவர்கள் பெயரில் நன்கொடை தந்தார்கள்.

விதிகள் கறாராக இருந்தன. குழாய்த் தண்ணீர் மட்டும் இலவசம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் உப்பு, மிளகாய்த்தூளுக்கும் விலை போட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. “எங்கள் வீட்டில் வந்து சாப்பிடு” என்று யாராவது அழைத்தாலும் போக முடியாமல் இருந்தது. ஆனால் பலர் ஒன்றாகப் பணம் போட்டுப் பொருள் வாங்க முடிந்தது.

எங்கிருந்து வந்தது இந்தத் தொகை?

உலக வங்கி கடும் வறுமைக்கு ஓர் எல்லைக் கோடு வகுத்திருக்கிறது. 2008ல் அது நாளுக்கு 1.25 டாலராக இருந்தது, 2015ல் 1.90, 2022ல் 2.15 என உயர்ந்து, 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. இது நாணய மாற்றுக் கடையில் கிடைக்கும் டாலர் அல்ல. அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கணக்கு. கோட்டுக்குக் கீழே இருப்பவர் அந்தத் தொகைக்குள் சாப்பாட்டை மட்டுமல்ல, வாடகை, மருந்து, துணி, பிள்ளைகளின் படிப்பு, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். ஐந்து நாள் பங்கேற்பவரோ முழுத் தொகையையும் வயிற்றுக்கே செலவிடுகிறார். அவருக்கு வீடு இருக்கிறது, மின்விளக்கு எரிகிறது, ஆறாம் நாள் பிரியாணியும் காத்திருக்கிறது.

இந்தியாவில் இரு இளைஞர்கள் இதை இன்னும் ஆழமாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2011 செப்டம்பரில் இந்தியத் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்கைச் சமர்ப்பித்தது. நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவிடுபவர் ஏழை அல்லர் என்பது அதன் சாரம். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த துஷார் வஷிஷ்ட், மேத்யூ செரியன் இருவரும் சில வாரங்கள் நாளுக்கு நூறு ரூபாயில் வாழ்ந்தார்கள். பிறகு கேரளத்துக் கிராமம் ஒன்றில் 32 ரூபாயில் வாழ்ந்து பார்த்தார்கள். நிதி திரட்டுவது அவர்கள் நோக்கமல்ல, ஆனால் அவர்கள் கண்டது அனைவருக்கும் பாடம். இறைச்சி எட்டாக்கனி ஆனது. பேருந்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கட்டுப்படியாகவில்லை. சிந்தனை முழுக்க அடுத்த வேளைச் சாப்பாட்டைச் சுற்றியே ஓடியது.

வயிறு நிறைந்தால் போதுமா?

குறைந்த பணத்தில் வயிற்றை நிரப்ப முடியும். வெள்ளை அரிசி, ரொட்டி, உடனடி நூடல்ஸ், சீனி போட்ட தேநீர் ஆகியவை மலிவு. காய்கறி, பழம், மீன், பால் அப்படியல்ல. 2022ல் உலகில் ஏறத்தாழ 280 கோடிப் பேருக்குச் சத்தான உணவு வாங்க வசதியில்லை என்கிறது ஐநா உணவு அமைப்புகளின் அறிக்கை. நீரிழிவு அதிகம் காணப்படும் நம் சமூகத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தட்டு நிறையச் சோறு இருந்தும் உடம்புக்கு வேண்டியது அதில் இல்லாமல் போகலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு பேர் சேர்ந்தால் ஐந்து நாளுக்கு நூறு வெள்ளி. பெரிய அரிசிப் பை, பருப்பு, முட்டை, கீரை என்று வாங்கிச் சமைத்துச் சமாளிக்கலாம். தனியாக இருப்பவரிடம் இருபத்தைந்து வெள்ளிதான். சிறு பொட்டலமாக வாங்கினால் கிலோ விலை கூடுகிறது. அதிலும் தினக்கூலி போல் பணம் துண்டு துண்டாக வருபவருக்குப் பெரிய பை எப்போதும் கைக்கு எட்டுவதில்லை.

இது தொலைதூர நாட்டுக் கதை மட்டுமல்ல. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியென் நிலையம் 2019ல் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒரு குடும்பம் அதற்கு முந்தைய 12 மாதங்களில் ஒரு முறையாவது போதிய, சத்தான உணவு கிடைக்காத நிலையைச் சந்தித்தது தெரியவந்தது. அவர்களில் பலர் உதவி கேட்கவில்லை. சிலருக்கு வெட்கம், சிலருக்கு எங்கே கேட்பது என்று தெரியவில்லை, இன்னும் சிலர், தம்மைவிடத் தேவையுள்ளவர் இருக்கிறார் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

திரட்டும் பணம் எங்கே போக வேண்டும்?

நாளுக்குப் பதினைந்து வெள்ளிக்குச் சாப்பிடும் ஒருவர் ஐந்து வெள்ளியோடு நிறுத்திக்கொண்டால் ஐந்து நாளில் ஐம்பது வெள்ளி மிச்சம். ஒரு புளோக்கில் நாற்பது பேர் சேர்ந்தால் இரண்டாயிரம் வெள்ளி. மிச்சப்படுத்தியதை அன்றன்றே தனி உண்டியலில் போட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் பட்டினிதான் நடந்திருக்கும், தருமம் நடந்திருக்காது.

லிட்டில் இந்தியாவில், வேலையிழந்த, காயமடைந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு உணவளிக்க டிடபிள்யூசி2 அமைப்பு 2008ல் கஃப் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய திட்டத்துக்கோ, அக்கம்பக்கத்தில் உணவுப் பொட்டலம் வழங்கும் அமைப்புக்கோ பணத்தைத் தரலாம். அது பதிவுபெற்ற அறநிறுவனமா, கணக்கை வெளியிடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2005ல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது. வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் வசூலிக்க உரிமம் தேவை என்பதையும் மறக்கக்கூடாது.

நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள், முதியோர் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு நம் பாட்டிமார் அறிந்த வழியே உண்டு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டத்தில், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனிப் பானைக்குப் போகும். யாரும் பசியோடு இருக்க வேண்டியதில்லை. பானை நிறைந்ததும் இல்லாதவர் வீட்டில் அடுப்பு எரியும். அடுத்த முறை பேரங்காடியில் வண்டியைத் தள்ளும்போது, ஒரு பொட்டலம் அரிசியோ பருப்போ கூடுதலாக எடுத்து வைப்பதும் அதே காரியம்தான்.