மின்னூல் ஏன் திறக்கவில்லை?



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு இதே சங்கரன்கோவிலில் விசைத்தறி வேலை. போன செமஸ்டரில் உதவித்தொகைப் பணத்தில் ஒரு பாடநூலை மின்னூலாக வாங்கினேன். என் போனில் திறந்தது. பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு அந்தக் கோப்பை அனுப்பினேன், அவன் போனில் திறக்கவில்லை. ஃபார்மட் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கோளாறு ஃபார்மட்டில் இல்லை, பூட்டில்!

இரண்டும் வேறு வேறு. ஃபார்மட் என்பது நூலைக் கட்டி வைக்கும் முறை, அவ்வளவுதான். பூட்டில்லாத ஒரு ஈபப் கோப்பின் பெயர்க் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே நாம் லேபில் எழுதுகிற அதே எச்.டி.எம்.எல். பக்கங்கள்தான். வேறு வடிவத்துக்கு மாற்ற, கோவித் கோயல் உருவாக்கிய காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும்.

தமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை. யூனிகோடில் 'கொ' என்பது முதலில் ககரம், பின்னால் ஒகரக் குறி என்றுதான் பதிவாகும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போடுவது படிக்கும் கருவியின் வேலை. பழைய கிண்டில்களுக்கு அது சரியாக வராது. அதனால்தான் 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஈபப், மோபியோடு 6 அங்குல பி.டி.எஃப்.-ம் கொடுத்தது. அதில் எழுத்து நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் பெரிதாக்கினால் வரி மடங்காது. கிண்டில் கடைக்கே தமிழ் வந்தது 2016 டிசம்பரில்தான்.

பூட்டு அப்படியல்ல. டி.ஆர்.எம். என்பார்கள். எழுத்துகள் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டிருக்கும், சாவி வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். காலிபரும் அதைத் திறக்காது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால், 2012-இல் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. எழுதியவரும் சாப்பிட வேண்டுமே, அது நியாயம்தான். ஆனால் 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்ற பிரதி என்று சொல்லி, ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி யு.எஸ்.பி. வழியே ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் என் கதையைச் சொன்னேன். "ஏலே, துட்டு குடுத்து வாங்குன புஸ்தகத்தைக் கூட்டாளிக்குக் குடுக்க முடியாதுன்னா, அது வாடகைல்லா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நான் அமுக்கிய பட்டனில் 'வாங்கு' என்றுதானே போட்டிருந்தது!

நண்பன் இப்போது என் போனை வாங்கித்தான் அந்த நூலைப் படிக்கிறான், சாயங்காலம் பஸ் வரும்வரை.