ஊட்டிப் புல்லுக்கும் வேர்க்கும்!

மே மாசம் ஊட்டிக்குப் போகிற நம் ஆட்களின் லிஸ்ட் எப்போதும் ஒன்றுதான். போட் ஹவுஸ், தொட்டபெட்டா, ரோஜாத் தோட்டம், திரும்பும்போது ஒரு கிலோ வர்க்கி. கூடலூர் ரோட்டில் ஃபிங்கர் போஸ்ட் பக்கம் வேன் திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் மட்டும் "அட, என்னமா இருக்கு பாரு!" என்பார். மேடும் பள்ளமுமாகப் பச்சை. நடுவில் ஒரு சின்னக் கொடி. தொப்பி போட்ட நாலு பேர். அதுதான் ஊட்டி ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இன்னொன்று இருக்கிறது.

வெள்ளைக்காரன் எங்கே போனாலும் ஒரு சர்ச், ஒரு கிளப், ஒரு கோல்ஃப் மைதானம் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான். கல்கத்தாவில் 1829-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கோல்ஃப் கிளப் அதுதான். ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் கப்பலேறிப் போய்விட்டான். புல்லைப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் நம்ம ஊர்த் தோட்டக்காரர் தலையில்.

'புல்லுதானே சார், மழை பெய்தால் தானா முளைக்கும்' என்கிறீர்களா? கொடி நட்டிருக்கிற அந்த வட்டத்துக்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அந்த உயரத்தில் பந்து உருண்டு போய் நாலேகால் அங்குலக் குழியில் விழ வேண்டும். பாதி வழியில் ஒரு புல் நெளிந்து பந்து விலகினால், ஆடுகிறவர் தன் மட்டையைத் திட்டமாட்டார். தோட்டக்காரரைத்தான் திட்டுவார்.

இதில் என்ன சிக்கல் என்பதை பி.காம். பாஷையில் சொல்கிறேன். புல்லுக்கு வருமானம் சூரிய வெளிச்சம். சம்பாதிக்கிற ஆபீஸ் இலை. வேர்தான் சேமிப்புக் கணக்கு. உயிரோடு இருப்பதற்கே ஒரு செலவு உண்டு, அது மூச்சு விடுவது. வெயில் ஏற ஏற இந்தச் செலவு ஏறிக்கொண்டே போகும். வருமானமோ ஒரு கட்டத்துக்கு மேல் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து நாம் மெஷினை வைத்து இலையை 3 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறோம். சம்பளம் கட்! புல் என்ன செய்யும்? நாம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் செய்வதைத்தான்... சேமிப்பில் கை வைக்கும். வேர் குட்டையாகும். வேர் குட்டையானால் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் எட்டாது. ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் திட்டுத் திட்டாகப் பழுப்பு.

சென்னை, கோவை மாதிரி சமவெளி ஊர்களில் இதற்கு பெர்முடா என்ற வெயில் தாங்கும் புல்லைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். பெர்முடா என்றதும் அமெரிக்கச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாம் பிள்ளையாருக்குப் போடுகிறோமே அருகம்புல், அதே ஜாதிதான்! குளிர் தேசத்தில் கிரீனுக்குப் பிடித்தது பென்ட் என்கிற மெல்லிய புல். அதன் வேர் 10-லிருந்து 18 டிகிரிக்குள் சௌக்கியமாக இருக்கும். வெப்பக் கணக்கை மட்டும் பார்த்தால், கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டி அதற்குப் பிறந்த வீடு மாதிரி.

ஆனால், ஊட்டியின் கோடை சித்திரையில் ஆரம்பிப்பதில்லை. மார்கழியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் உறைபனி விழும். விடிந்ததும் பார்த்தால் மைதானம் உப்பு கொட்டினாற்போல வெள்ளை. அதன்மேல் யாராவது நடந்தால் உறைந்த இலை கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். ரெண்டு நாள் கழித்து காலடித் தடம் அப்படியே கருப்பாகத் தெரியும். திருடன் தடயம் மாதிரி! அதனால்தான் உறைபனி இறங்குகிறவரை புல்லில் கால் வைக்க விடமாட்டார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அதிகாலையில் புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவார்கள், செடிகளை கோத்தகிரி மிலார் கொண்டு மூடுவார்கள். பூங்காவின் பெரிய புல்தரையில் மே மாத மலர்க்காட்சிக்கு முன்னால் 'ஏறக்கூடாது' என்று தடுப்பு போடுவதும் சும்மா கெடுபிடிக்காக இல்லை. பனியில் கருகின புல் தேறி வர அவகாசம் வேண்டும்.

பனி முடிந்தால் பிப்ரவரி, மார்ச். மழை கிடையாது. காற்று வறட்சி. மலை உச்சி வெயில் குளிராகத் தெரிந்தாலும் தோலை உரிக்கும். டிசம்பரில் அடி வாங்கின வேரோடு புல் இந்த வெயிலைச் சந்திக்க வேண்டும். அது தேறுவதற்குள் ஏப்ரல். சீசன்! கிளப்பில் கூட்டம், போட்டி, பரிசளிப்பு.

2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. 1951-லிருந்து வைத்திருக்கும் கணக்கில் அப்படி ஒரு ஏப்ரல் வெயில் இல்லை. 'வெறும் 29-தானே, வேலூருக்கு வாங்க' என்று சிரிக்கலாம். பத்து டிகிரிக்கும் இருபதுக்கும் பழகின புல் சிரிக்காது.

தண்ணீருக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஒரு கிரீன் சுமாராக 500 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் புல்லும் மண்ணும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் ஆவியாக விடும். ஆக ஒரு கிரீனுக்கு 2,500 லிட்டர். பதினெட்டுக்கு 45,000. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பெரிய தண்ணி லாரி நாலு. தினமும்! நடுவில் இருக்கும் நீண்ட ஃபேர்வேயையும் சேர்த்து நனைக்க ஆசைப்பட்டால் கணக்கு லட்சக்கணக்கான லிட்டருக்குப் போய்விடும். கோடையில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது ஊட்டி, குன்னூர் ஜனங்களுக்குப் புதிதல்ல. கீழே குடம் காய, மேலே ஸ்பிரிங்க்ளர் சுழன்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கோடையில் கிரீனுக்கும், ஆட்டம் தொடங்கும் டீக்கும் மட்டும் தண்ணீர், ஃபேர்வே பழுத்தால் பழுக்கட்டும் என்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. பழுப்பான ஃபேர்வே செத்துப்போனது இல்லை, தூங்குகிறது. பந்து இன்னும் பத்து கஜம் கூடவே உருளும்.

ஊற்றுவதிலும் சூட்சுமம் உண்டு. விடியற்காலையில் ஊற்ற வேண்டும். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்து பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் சோம்பேறியாகி மேலேயே படுத்துக்கொள்ளும். ஆழமாக ஊற்றிவிட்டு இரண்டு நாள் காயவிட்டால் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். (வேலை தேடும் பையன்களுக்கு அப்பாக்கள் சொல்கிற அதே தத்துவம்தான்.) மத்தியானம் புல் சோர்ந்து நீலம் பாய்ந்தால், ஓஸ் பைப்பில் பன்னீர் தெளிக்கிற மாதிரி லேசாக ஒரு தூவல். அது குடிக்க இல்லை, முகம் கழுவ.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து ஒன்று இருக்கிறது. மெஷினை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி வைப்பது! இலை கூடும், வேர் பிழைக்கும். ஆனால் பந்தின் வேகம் குறையும். இந்த வேகத்தை அளக்கவே ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் கண்டுபிடித்தது. அதிலிருந்து பந்தை உருட்டி, எத்தனை அடி ஓடுகிறது என்று அளப்பார்கள். அந்த எண் குறைந்தால் மெம்பருக்கு ரத்த அழுத்தம் ஏறும். டி.வி.யில் அமெரிக்க மைதானத்தைப் பார்த்துவிட்டு வருகிற மெம்பருக்கும், வேரைப் பார்த்துவிட்டு வருகிற தோட்டக்காரருக்கும் நடக்கிற சண்டையில் யார் ஜெயிப்பார் என்று ஆபீஸ் போகிற உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கருகினபிறகு மெமோ யாருக்கு வரும் என்பதையும்தான்.

இதுபோதாதென்று விருந்தாளிகள் வேறு. சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும்போது ஈரமாக, இளசாக ஒரு இடம் இருந்தால் காட்டெருமை சும்மா இருக்குமா? வளர்ந்த ஆண் ஒரு டன் வரை எடை. மெம்பர்ஷிப் கேட்காமல், ஸ்பைக் ஷூ போடாமல் கிரீனில் ஒரு ரவுண்டு வந்தால் போதும், பதினெட்டுக் குழி நூற்றெட்டாகிவிடும். காட்டுப்பன்றி இன்னும் மோசம். புல்லுக்கு அடியில் இருக்கும் புழுவுக்காகத் தரையையே உழுதுவிட்டுப் போகும். மறுநாள் காலை மண்ணும் மணலும் போட்டு மட்டம் தட்டுகிற வேலை. கேடிகளும் கை கொடுப்பார்கள். (பயப்படாதீர்கள். போலீஸ் லிஸ்ட்டில் இருக்கும் கேடி இல்லை. மட்டைப் பையைத் தூக்கி வருபவருக்கு கோல்ஃபில் அதுதான் பெயர்.)

ஊட்டிப் புல்தரைகளைப் பெரும்பாலும் காப்பாற்றுவது கிக்குயு என்கிற புல். கென்யாவின் கிக்குயு மக்களின் பெயர். ஆப்பிரிக்க மலைநாட்டிலிருந்து வந்தது. பனியில் கருகினாலும் தரைக்கு அடியில் ஓடும் தண்டிலிருந்து மறுபடி கிளம்பும். மிதி தாங்கும், வறட்சி தாங்கும். லாஸ் ஏஞ்சலீஸின் பிரபல ரிவியேரா மைதானத்தின் ஃபேர்வேகூட கிக்குயுதான்.

இந்த கெட்டிக்காரப் புல்லே மலைக்கு வில்லனும். வேலியைத் தாண்டினால் அதற்கு நிறுத்தம் கிடையாது. நீலகிரியின் உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் சதுப்பும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்து ஓடைகளில் விடுகின்றன. அந்தப் புல்வெளியிலும் சதுப்பிலும் கிக்குயு புகுந்து சொந்த ஊர்ப் புல்லை நெருக்கிவிடுகிறது. தோடர்கள் கோயில் கூரை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். வேறெந்தப் புல்லும் சரிப்படாது. சதுப்புகள் சுருங்கச் சுருங்க அதைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் மெஷின் வைத்து வெட்டுவதில்லை, ஸ்டிம்ப்மீட்டர் வைத்து அளப்பதுமில்லை.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். ஓஸ் பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டு தோட்டக்காரர் பெருமூச்சு விடலாம் என்றால், அதுவும் முடியாது. ஈரத்துக்கு பூஞ்சை வரும். வெள்ளி ரூபாய் அளவுக்கு வட்ட வட்டமாக வெளுப்பு. இலையில் பனித்துளி தங்கினால் அது பரவும் என்பதால் விடிகாலையில் நீளமான மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு கிரீன் கிரீனாகப் போய், புல்லின் தலையைத் தடவி ஈரத்தைத் தட்டிவிட வேண்டும். ஏழு மணிக்குத் தொப்பிக்காரர்கள் வருவதற்குள், பதினெட்டையும்.