பனிக்காலத்தில் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம்



மார்கழி மாதத்து விடியற்காலையில் கொடைரோடு புகைவண்டி நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? கிழக்கே சிறுமலை பனிமூட்டத்தில் மறைந்து நிற்கும். கொடைக்கானல் செல்வோர் சால்வைக்குள் ஒடுங்கியபடி பேருந்துக்குக் காத்திருப்பர். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பனியினால் மல்லிகை அரும்பு குறைந்துபோயிருக்கும்.

அதே வேளையில் நம் இல்லங்களில் நடப்பது என்ன? "எழுந்திரு, எழுந்திரு" என்னும் அதட்டல். போர்வைக்குள் சுருண்டுகிடக்கும் பிள்ளையின் சிணுங்கல். அரையாண்டுத் தேர்வைப் பற்றிய அச்சம். வாசலில் பள்ளி வாகனத்தின் ஒலி. பொழுது புலருமுன்பே பெற்றோரும் பிள்ளையும் களைத்துப்போகிறோம்.

பிள்ளைகளின் மனத்தை அமைதிப்படுத்த எளிய யோகப் பயிற்சியும், மனத்தை ஒன்றில் நிறுத்தும் கவனப் பயிற்சியும் இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகின்றன. டில்லி அரசுப் பள்ளிகளில் 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' சில நிமிடக் கவனப் பயிற்சியோடு வகுப்பைத் துவக்கியது. இது நம் பிள்ளைகளுக்கு ஆகுமா? பலன் தருமா? இவ்விரு கேள்விகளும் நியாயமானவையே.

ஆகுமா?

யோகம் பற்றிய ஆராய்ச்சி முஸ்லிம்களுக்குப் புதிதன்று. பதஞ்சலியின் யோக நூலைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு மொழியில் தந்தவர் பேரறிஞர் அல்பீரூனி. நம் காலத்தில், 2008-இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம், மந்திர உச்சாடனமும் வழிபாடும் கலந்த யோகம் கூடாது எனத் தீர்ப்பளித்தது. 2009-இல் இந்தோனேசிய உலமா மன்றம், அவை கலவாத வெறும் உடற்பயிற்சிக்குத் தடையில்லை என்றது. 2017-இல் சவூதி அரேபியா அதனை விளையாட்டுப் பயிற்சிகளுள் ஒன்றாக அனுமதித்தது.

எனவே, கோடு எங்கே விழுகிறது என்பது தெளிவு. மந்திரமும் வணக்கமும் ஒருபுறம். மூச்சும் தசையும் மறுபுறம். இங்கே நாம் பேசுவது பின்னதை மட்டுமே. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபெறுக.

உடலின் நிலையை மாற்றினால் மனத்தின் கொதிப்பு தணியும் என்பதும் நமக்குப் புதிதன்று. சினமுற்றவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரவும், அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்களே!

பலன் தருமா?

இதில் மிகைப்படுத்தாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடையே நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. கவனப் பயிற்சியைப் பாடமாகப் பெற்ற மாணவர்கள், பெறாதவர்களைவிட மனநலத்தில் மேம்படவில்லை! கற்றதை வீட்டில் பெரும்பாலோர் செய்து பார்க்கவே இல்லை என்பதும் தெரியவந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. அமைதியைக் கணக்கையும் அறிவியலையும் போல வகுப்பறையில் ஊட்டிவிட இயலாது. அதைப் பழக்கமாக்க வேண்டிய இடம் இல்லம்; உடனிருந்து செய்ய வேண்டியவர்கள் அத்தாவும் அம்மாவும்.

எப்படிச் செய்வது?

மேலைநாட்டு நூல்கள் இருண்ட குளிர்காலத்தை எண்ணி எழுதப்பட்டவை. டிசம்பரில் லண்டன் நகரில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரமே. நம் திண்டுக்கல் சமவெளியிலோ ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் வெளிச்சம் உண்டு. நம் தொல்லை இருளன்று, விடியற்காலைப் பனியே. ஆகவே ஸுப்ஹு தொழுகைக்குப் பின் வீட்டுக்குள்ளேயோ, ஆறரை மணிக்கு மேல் இளவெயிலிலோ பாய் விரித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறே நன்று.

முதலில் இரண்டு நிமிடம் உள்ளங்கைகளைத் தேய்த்து, தோள்களைச் சுழற்றி, நின்ற இடத்திலேயே மெல்ல ஓடட்டும். குளிரில் விறைத்த தசையை எடுத்த எடுப்பில் வளைக்கலாகாது. அடுத்து இரண்டு நிமிடம், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை உயர்த்தியும் தாழ்த்தியும் அசைக்கட்டும்.

பின்னர் மூச்சு. "மல்லிகையை முகர்வதுபோல் மூக்கால் இழு, சுடுகஞ்சியை ஆறவைப்பதுபோல் வாயால் மெல்ல ஊது" என்று சொல்லுங்கள். பத்து முறை போதும். மூச்சை இழுக்கையில் இதயத்துடிப்பு சற்றே விரையும், விடுகையில் தணியும். ஆதலால் வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

அதன்பின் கண்களை மூடி, காதில் விழும் ஒலிகளை எண்ணச் சொல்லுங்கள். தொலைவில் செல்லும் ரயில், காகம், பால்காரரின் மணி, அடுக்களைப் பாத்திரம். எண்ணிக்கை தவறினால் திருத்தாதீர்கள், மீண்டும் தொடங்கட்டும். இறுதியில் மல்லாந்து படுத்து, போர்வைக்குள் ஓரிரு நிமிடம் ஓய்வு.

எச்சரிக்கை

பிள்ளைகளை மூச்சை அடக்கச் செய்யாதீர்கள்; வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளும் வேண்டா. குளிர்ந்த வறண்ட காற்று இளைப்பு நோயுள்ள பிள்ளைக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். பயிற்சியை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மூக்கடைப்பு இருந்தால் அன்று மூச்சுப் பயிற்சியை விட்டுவிடுங்கள். உறக்கமின்மை, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், ஓயாத அழுகை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது பயிற்சியால் தீரும் காரியமன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கமேதும் இல்லை. 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

ஒன்றை மறவாதீர்கள். தொழுகை வணக்கம், அதன் இடத்தில் இப்பயிற்சியை வைக்க வேண்டா. இது உடலுக்கும் மூச்சுக்கும் உரிய ஒரு சிறு பழக்கம், அவ்வளவே.

கையில் செல்பேசியை வைத்துக்கொண்டு "கண்ணை மூடு" என்று பிள்ளைக்குக் கட்டளையிடும் தந்தையால் ஆவது ஒன்றுமில்லை. நாளைக் காலை அந்தப் பாயில் அவரும் அமரட்டும். முதல் நாள் பிள்ளை சிரிக்கும். இரண்டாம் நாள் நெளியும். பொறுத்துக்கொள்ளுங்கள். தை பிறப்பதற்குள், நீங்கள் மறந்தாலும் பாயை விரித்துவைத்து உங்களை அழைப்பது அந்தப் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.