பாட்டி அழுத்திய பொத்தான்

விளாத்திகுளம் பக்கம் புதூரில் ஓட்டுப்போட வந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வத்தல் களத்திலிருந்து நேரே வந்தவர். விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நீலப் பொத்தானை அழுத்துகிறார். சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, சத்தத்தைக் காணோம். இன்னொரு தரம் அழுத்துகிறார்.

இரண்டாவது ஓட்டு விழாது. அலுவலர் தன் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் 'பேலட்' பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு ஓட்டுக்குத்தான் வழி திறக்கும். 1982-இல் கேரளத்தின் பரூரில் முதன்முதலில் பயன்பட்டது இந்த மின்னணு வாக்குப்பதிவு மெஷின். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் இதை உருவாக்கியதில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பெரிய பங்குண்டு. பூட்டிய நிலை, ஓட்டுக்குக் காத்திருக்கும் நிலை, வாக்குப்பதிவு முடிந்த நிலை என்று இதன் நடத்தையைப் பிரித்து எழுதலாம். எந்த நிலையில் எதை அழுத்தினால் எங்கே போகும் என்று முழுக்க எழுதிவிட்டால், பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தினாலும் ஒரு திறப்புக்கு ஒரே ஓட்டுத்தான் என்பதைக் கணக்குத் தேற்றம்போல நிரூபிக்க முடியும். 'ஃபார்மல் மெத்தட்ஸ்' என்பது இதுதான்.

சரி, சத்தம் ஏன் வரவில்லை? யாருக்கு ஓட்டு விழுந்தது என்பதைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் பெட்டி விவிபாட். அதன் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரிந்து, கீழே விழுந்த பிறகே 'பீப்' கேட்கும். மெஷினுக்கு அது ஒரு படி. பின்னால் ஆள் காத்திருக்கும்போது பாட்டிக்கு அது நெடுநேரம். இதை எந்த நிரூபணமும் சொல்லாது. தேர்தலுக்கு முன் செயல்விளக்கத்துக்கு ஊருக்கு வரும் மெஷின் பக்கத்தில் நின்று, அழுத்துகிறவர்களின் கையையும் முகத்தையும் கவனித்தால்தான் தெரியும். அது 'யூசபிலிட்டி' சோதனை.

இரண்டையும் சேர்த்தால்தான் பிடிபடுகிற சிக்கல் ஒன்று இருக்கிறது. மனிதரின் படிகளையும் அதே வரைபடத்தில் எழுதுங்கள்: வந்தார், அழுத்தினார், காத்திருந்தார், கிளம்பினார். இப்போது, அழுத்தாமலே ஒருவர் கிளம்பிவிட்டால்? வழி திறந்தபடியே கிடக்கும். அடுத்து உள்ளே போகிறவர் அந்தத் திறப்பில் ஓட்டுப்போட முடியும். ஒரு திறப்புக்கு ஒரு ஓட்டு என்ற நிரூபணம் அப்போதும் பொய்யாகாது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதை மெஷின் அறியாது. அதைக் காப்பது கன்ட்ரோல் யூனிட்டில் எரியும் 'பிஸி' விளக்கும், அதன்மேல் வைத்த அலுவலரின் கண்ணும்தான். அந்த விளக்கு அவர் கண்ணில் எளிதாகப் படுகிறதா என்பதையும் வடிவமைப்பிலேயே சோதிக்க வேண்டும் என்பேன்.

2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள். சின்னங்களும் நீலப் பொத்தான்களும் இருக்கும் பலகைதான் பேலட் யூனிட். ஒன்றில் 16 பேருக்குத்தான் இடம்; ஐந்து யூனிட்டுகளை வரிசையாக வைத்தார்கள். திறப்புக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கு மாறவில்லை. ஓட்டுப்போட வந்தவர்கள்தான் ஐந்திலும் தங்கள் சின்னத்தைத் தேட வேண்டியிருந்தது.